கூட்டுக்குள் விட்ட வெயில்

1

எங்கள் கேமரா கிளப்பின் செயலாளர் ஜோக்லேகர் பதினைந்து நாள் முன்பு போன் செய்தார். கிளப்புக்கு இருபத்தைந்து வயதாகிறதாம், மலர் போடுகிறார்களாம், அட்டைக்கு என் படமாம். எந்தப் படம் என்று நான் கேட்கவில்லை. எடுத்துக் குவித்த ஸ்லைடுகள் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன. ஆனால் புனேயில் என்னைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது அந்த ஒரு படம்தான். நீள வெள்ளை வாலை நாடாபோலத் தொங்கவிட்டுக்கொண்டு கூட்டின் விளிம்பில் நிற்கும் ஆண் அரசவால் ஈப்பிடிப்பான், அதன் அலகில் ஒரு தும்பி, கீழே வாயைப் பிளந்த மூன்று குஞ்சுகள், எல்லாவற்றின் மேலும் பக்கவாட்டில் விழும் காலை வெயில்.

"ஸ்லைடு, ஒரு படிவம், நாலு வரிக் குறிப்பு, மூணும் வேணும்," என்றார் ஜோக்லேகர் இந்தியில். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி அவர். காகிதம் இல்லாமல் அவருக்கு எதுவும் நகராது. "இப்ப வர்ற பசங்க கூட்டுப் படம்னாலே சண்டைக்கு வர்றாங்க. அதனால, பறவைக்குத் தொந்தரவு இல்லாம எடுத்தேன், குஞ்சுங்க நல்லபடியாப் பறந்து போச்சுன்னு எழுதிடுங்க."

படிவம் மறுநாளே கூரியரில் வந்தது. 'இந்தப் படம் எடுக்கப்பட்டபோது எந்த உயிருக்கும் இடையூறு நேரவில்லை என்று உறுதி கூறுகிறேன்.' கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு, இடத்துக்கு ஒரு கோடு, தேதிக்கு ஒரு கோடு. ரேஷன் கார்டு மாற்றியதிலிருந்து மகளின் பள்ளிச் சேர்க்கை வரை இந்த ஊரில் எத்தனையோ கோடுகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்த ஒன்றில் பேனா நகரவில்லை.

இந்தப் பத்திரிகையில் என் புனே அனுபவங்களைப் படித்து வருகிறவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். இந்த ஊர் என் மகளைக் கொஞ்சம் கொஞ்சமாக என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது என்று பலமுறை புலம்பியிருக்கிறேன். நீங்களும் அனுதாபப்பட்டுக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு திருத்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

கோவில்பட்டியில் இருந்தவரை எனக்குத் தெரிந்த பறவைகள் காக்கா, கோழி இரண்டுதான். பாலிடெக்னிக் முடித்து, பிம்ப்ரி பக்கத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, மனைவி பார்வதியோடு நிக்டியில் குடியேறினேன். இந்தத் தொழிற்பேட்டைக்கு வார விடுமுறை வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ஊரே குடும்பத்தோடு வெளியே போகும்போது நாங்கள் மெஷின் முன்னால் நிற்போம். நாங்கள் வீட்டில் இருக்கும் வியாழனன்று ஊர் வேலைக்குப் போயிருக்கும். ஐந்து வருடம் இப்படியே போனதில் தொழிற்சாலைக்கு வெளியே எனக்கு ஒரு ஆளைக்கூடத் தெரியாது.

கிளப்பில் சேர்ந்தது அந்தத் தவிப்பில்தான். பறவை மேல் ஆசை பிறகு வந்தது. இரண்டாம் சனிக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் விளக்கை அணைத்து ஸ்லைடு காட்டுவார்கள். உறுப்பினராக இரண்டு பழைய உறுப்பினர்கள் சிபாரிசு செய்ய வேண்டும். எனக்கு அந்த இரண்டு கையெழுத்து கிடைக்க எட்டு மாதமாயிற்று. சேர்ந்த பிறகு இன்னொரு தலைவலி. கிளப் காட்டுக்குப் போவது ஞாயிற்றுக்கிழமை, எனக்கோ அன்று ஷிப்ட். மாதத்தில் ஒரு ஞாயிறு லீவு கேட்டு எழுதுவேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று போடுவேன். சூப்பர்வைசர் என்னை மேலும் கீழும் பார்ப்பார்.

மராத்திக்காரர்களுக்குத் தெற்கிலிருந்து வந்தவன் எவனும் 'அண்ணா'தான். மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் பத்துப் பேர் போகும் ஜீப்பில் ஒன்பது பேருக்குப் பெயர் இருந்து ஒருவனுக்கு மட்டும் இல்லாமல் போவது எப்படி இருக்கும் என்று பட்டவனுக்குத்தான் தெரியும். என் இடம் பின்னால், ஸ்டாண்டுகளுக்கும் தண்ணீர்க் கேனுக்கும் நடுவில். ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுவர வேண்டும். என் பங்கு எப்போதும் இட்லி, சட்னி. நாற்பது இட்லி.

"ஒங்க போட்டோவுக்கா ஒங்களக் கூட்டிட்டுப் போறாக? என் இட்லிக்குல்ல கூட்டிட்டுப் போறாக," என்பாள் பார்வதி.

சிரித்துவிட்டுத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போவேன். உள்ளே சுருக்கென்றிருக்கும். ஏனென்றால் என் படங்கள் ஒன்றுகூடத் தேறவில்லை. திரையில் மூன்று நொடி நிற்கும், அடுத்தது என்பார்கள்.

3

மகள் சுதா புனேயில் பிறந்தவள். அந்த நாளில் என் கையைவிட்டு நகர மாட்டாள். பள்ளி விடுமுறையில் வியாழக்கிழமை வந்தால் அப்பாவும் மகளும் ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவோம். சிங்ககட் கோட்டைக்குக் கீழே ஒரு பள்ளத்தாக்கு உண்டு, ஓடையும் மாமரங்களும் புதருமாக. நான் கேமராவைத் தூக்க, அவள் பறவைப் புத்தகத்தைத் தூக்குவாள். என்னைவிட அவளுக்குத்தான் கண் கூர்மை.

வீட்டிலும் அவளுக்கு ஒரு வேலை உண்டு. ஸ்லைடு பிலிமை மும்பைக்கு அனுப்பிக் கழுவி வாங்குவோம். சின்னச் சின்னச் சட்டத்தில் பொருத்திப் பெட்டியில் வரும். புரொஜக்டரில் தலைகீழாகப் போடாமலிருக்க ஒவ்வொரு சட்டத்தின் மூலையிலும் ஒரு சிவப்புப் பொட்டு வைக்க வேண்டும். அந்தப் பொட்டு வைக்கும் உரிமையை சுதா யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

தொண்ணூற்றேழு கோடை. அவளுக்குப் பதினொரு வயது. வறண்ட ஓடைக்கு மேலே, மாமரக் கிளை ஒன்றின் கவட்டையில் அந்தக் கூட்டைக் கண்டுபிடித்தது அவள்தான். ஒரு டம்ளர் அளவுதான் இருக்கும். வெள்ளை வால் ஆண் தானே வந்து அடைகாத்துக்கொண்டிருந்தது. கிளப்பில் அத்தனை பேரும் பல வருடமாகத் தவம் கிடந்த காட்சி அது.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம். கூட்டைக் கண்டவனுக்கு முதல் உரிமை. பிறகு அவன் செயலாளரிடம் சொல்லிவிட வேண்டும், அவர் மற்றவர்களுக்கு முறை பிரித்துக்கொடுப்பார். இன்னொரு வழக்கமும் உண்டு. அன்றைய ஸ்லைடு பிலிமுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும், ஈப்பிடிப்பானோ நிழலில்தான் கூடு கட்டும். அதனால் கூட்டை மறைக்கும் கிளையை வளைத்துக் கயிற்றால் ஒதுக்கிக் கட்டி வெயிலை உள்ளே விடுவோம். வேலை முடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். கிளையை வெட்டுகிறவன் முரடன், கட்டுகிறவன் நாகரிகன் என்று எங்களுக்குள் ஒரு கணக்கு. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, நல்ல சிரிப்பு இல்லை.

குஞ்சு பொரித்த செய்தியோடு ஜோக்லேகருக்குப் போன் போட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜீப் நிக்டிக்கே வந்தது. ஜோக்லேகர் இறங்கிக் கதவைத் திறந்து, "முன்னாடி உட்காருங்க," என்றார். சுதாவை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தேன். தேர் மேல் ஏறின மாதிரி இருந்தது.

4

ஆறு பேர், பச்சைத் துணி மறைப்புக்குப் பின்னால். கயிற்றை நான்தான் கட்டினேன். கிளை விலகியதும் கூட்டின் மேல் வெயில் வந்து விழுந்தது. கண் திறக்காத மூன்று குஞ்சுகள். ஆண் தும்பியோடு வந்து நின்றபோது ஆறு கேமராவும் ஒன்றாகச் சடசடத்தன. ஒன்பது மணிக்குள் என் ரோலில் முப்பத்து நான்கு ஓடிவிட்டது. மற்றவர்களும் முடித்துவிட்டு உபகரணங்களைக் கட்ட ஆரம்பித்தார்கள்.

சுதா கயிற்றை அவிழ்க்கப் போனாள். முடிச்சில் கை வைத்துவிட்டாள்.

"இருக்கட்டும் பேட்டா," என்றார் ஜோக்லேகர். பிறகு என்னிடம், "நாளைக்கும் நாளன்னிக்கும் வேற ரெண்டு பேர் வர்றாங்க. கட்டி, அவுத்து, மறுபடி கட்டினா பறவைக்குத்தான் பயம். கடைசியா வர்றவன் அவுத்துடுவான்," என்றார்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. சுதா என்னைப் பார்த்தாள்.

"ப்பா, மதியம் ஃபுல் தூப் வருமே?" என்றாள். வெயிலை அவள் தூப் என்றுதான் சொல்வாள்.

"அம்மாப் பறவை றெக்கைய விரிச்சு மறைச்சுக்கும். விடும்மா, பெரியவங்க சொல்றாங்கல்ல."

அவள் கையை எடுத்துவிட்டாள். மே மாத வெயில் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். திரும்பும்போதும் முன்சீட்டில்தான் உட்கார்ந்தேன்.

5

வியாழக்கிழமை சுதாவுக்குக் காய்ச்சல். நான் மட்டும் போனேன்.

கயிறு கட்டியபடியே இருந்தது. கடைசியாக வரவேண்டியவன் வரவேயில்லை என்று பிறகு தெரிந்தது. கூட்டில் மூன்றும் இருந்தன, காய்ந்துபோய். எறும்பு வரிசை கிளையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பெரிய பறவைகள் இரண்டையும் காணவில்லை. மணி பத்தரைதான், அதற்குள் கூட்டின் மேல் கை வைக்க முடியாத சூடு. கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டேன். கிளை திரும்பப் போய்க் கூட்டை மூடிக்கொண்டது.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ரோலில் இரண்டு பாக்கி இருந்தது. முப்பத்தாறும் ஓடாமல் ரோலைக் கழற்றுகிற பழக்கம் எனக்கு இல்லை. கிளையை ஒரு கையால் விலக்கிப் பிடித்து, அந்த மூன்றையும் இரண்டு படம் எடுத்தேன். வெளிச்சம் அளந்துதான் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது சுதா போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ப்பா, குஞ்சு?"

"பறந்துடுச்சும்மா."

"மூணுமா?"

"மூணும்."

அவள் போர்வையை இழுத்துக்கொண்டாள். கோவில்பட்டியில் நான் வளர்த்த கோழிக்குஞ்சை நாய் பிடித்தபோது என் அப்பா மழுப்பவில்லை. "செத்துப்போச்சு, போய்ப் படி," என்றார். என்ன கல்நெஞ்சு என்று அன்று அவரை வெறுத்தேன். என் பிள்ளைக்கு அப்படிச் செய்யக் கூடாது என்றுதான் இந்தப் பொய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதிலும் பாதிதான் உண்மை. அவள் கேட்டால் நான் என்ன பதில் சொல்வது என்ற பயம் மீதிப் பாதி.

ஜோக்லேகரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். "காக்கா வந்திருக்கும் அண்ணா. இப்படி ஆகிறதுதான்," என்றார். காக்கா வந்திருந்தால் குஞ்சு அங்கே கிடக்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஸ்லைடு பெட்டி வந்த அன்று எனக்கு இரண்டாம் ஷிப்ட். வீடு திரும்பியபோது பெட்டி மேசை மேல் இருந்தது. கடைசி இரண்டையும் உருவி, கத்தரித்துக் குப்பையில் போட்டேன். போன உயிர் போயிற்று, பிள்ளைக்காவது தெரியாமல் போகட்டும் என்று நினைத்தேன்.

6

அந்த வருடத்தின் சிறந்த படம் என்று கோப்பை கொடுத்தார்கள். மேடையில் முதல்முறையாக என் முழுப்பெயரைச் சொன்னார்கள், முருகேசன் என்று. உச்சரிப்பு கொஞ்சம் உதைத்தது, பரவாயில்லை. சுதாவையும் மேடைக்கு இழுத்து, கூட்டைக் கண்டுபிடித்தவள் இவள்தான் என்றேன். ஹால் முழுக்கக் கைதட்டல். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூச்சம் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு காட்டுக்கு வரவில்லை. பரீட்சை என்றாள், டான்ஸ் கிளாஸ் என்றாள், தோழி பிறந்தநாள் என்றாள். சிவப்புப் பொட்டு வைக்கும் வேலையும் என்னிடமே வந்தது. கேட்டதற்கு இந்தியில் ஒரு வார்த்தையில் பதில் வரும். பத்து முடிப்பதற்குள் என்னோடு தமிழில் பேசுவதே அபூர்வமாகிவிட்டது. அம்மாவோடு மட்டும் சமையலறையில் மணிக்கணக்காகப் பேச்சு, தமிழும் மராத்தியும் கலந்து. அது என் காதில் விழத்தான் செய்தது. ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

பொங்கலுக்குப் பொங்கல் அண்ணன் ஊரிலிருந்து போன் பண்ணுவார். "என்னடா தம்பி, ஒம் புள்ள தமிழ் பேசுதா?"

"இந்த ஊரு அப்படிண்ணே. பள்ளிக்கூடம், சேர்க்கை எல்லாம் அப்படி," என்பேன்.

"அன்னைக்கே சொன்னேன், அம்புட்டுத் தூரம் போகாதன்னு."

இதே பதிலைத்தான் உங்களுக்கும் எழுதிவந்தேன். பழியை ஊர் மேல் போட்டால் ஊர் வந்து மறுக்கவா போகிறது. இதற்கிடையில் பிலிம் போய் டிஜிட்டல் வந்தது. இப்போது பசங்கள் ஒரு காலையில் எண்ணூறு படம் எடுத்து, எழுநூற்றுத் தொண்ணூறை அழிக்கிறார்கள். எனக்கு ஜீப்பில் முன்சீட்டு நிரந்தரமாகிவிட்டது. சுதா படித்து, கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து, தோழிகளோடு விமான் நகரில் வீடு எடுத்துப் போய்விட்டாள். ஒரே ஊர்தான். ஆனாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவாள்.

7

ஜோக்லேகர் கேட்ட குறிப்பை இங்கிலீஷில் எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. சுதாவைக் கூப்பிட்டேன். சனிக்கிழமை லேப்டாப்போடு வந்தாள். சாப்பிட்டு முடித்து, நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். இடம், மாதம், லென்ஸ், பிலிம். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவள் பக்கத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சந்தோஷத்தில் கடைசி வரியையும் சொன்னேன்.

"குஞ்சுகள் மூன்றும் பத்திரமாகப் பறந்துபோயின."

தட்டுகிற சத்தம் நின்றது.

"ப்பா, இது நான் எழுத மாட்டேன்."

"ஏம்மா?"

"பறக்கலையே."

"யாரு சொன்னா ஒனக்கு?" என்றேன்.

"யாரும் சொல்லல. கூரியர் மதியம் வந்துச்சு. நீங்க செகண்ட் ஷிப்ட். நான் முப்பத்தாறுக்கும் டாட் வெச்சேன்."

பொட்டு வைக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு ஸ்லைடையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எது மேல் எது கீழ் என்று பார்க்க வேண்டும். பதினொரு வயதுப் பிள்ளை அந்த இரண்டையும் அப்படித் தூக்கிப் பிடித்துப் பார்த்திருக்கிறாள். கத்தரித்துக் குப்பையில் போட்ட நான், மூலையில் பொட்டு இருந்ததைக் கவனிக்கவேயில்லை. மற்ற முப்பத்து நான்கிலும் பொட்டைப் பார்த்தபோது, அந்த இரண்டையும் நான் உருவிய பிறகு அவள் வைத்தது என்றே நினைத்திருந்தேன்.

"அப்பவே ஏம்மா கேக்கல?"

"நீங்க சொல்வீங்கன்னு வெயிட் பண்ணேன்." அவள் திரையைப் பார்த்தே பேசினாள். சொல் தேடித் தேடி, ஆனால் முழுக்கத் தமிழில் பேசினாள். "அப்புறம் கப் குடுத்தாங்க. நீங்க அவ்ளோ குஷி. என்னை ஸ்டேஜ்ல நிக்க வெச்சீங்க, எல்லாரும் கிளாப் பண்ணாங்க. எனக்கு அந்த ரெண்டு ஸ்லைடுதான் கண்ணுல நின்னுச்சு. அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும், இது நிஜமா பொய்யான்னு தோணும். எதுக்குக் கேக்கணும்னு விட்டேன். அவ்ளோதான், அப்படியே பழகிடுச்சு."

சமையலறையில் பார்வதி பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றிருந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. வீட்டில் தெரியாதவனாக இருந்தது நான் ஒருவன்தான்.

நடந்ததை நடந்தபடியே எழுதச் சொன்னேன். கயிறு கட்டியது நான், அவிழ்க்க விடாதது நான், குஞ்சுகள் வெயிலில் செத்தன என்று. ஆறு வரி வந்தது. தட்டி முடித்ததும் எனக்கு மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை. அவளும் திரும்பி என்னைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு கிளப்பில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். திங்கட்கிழமை குறிப்பு போய்ச் சேர்ந்தது. மாலையே ஜோக்லேகர் போன் செய்து, பழசையெல்லாம் கிளறினால் கிளப் பெயர்தான் கெடும், அட்டைக்கு வேறு படம் போட்டுக்கொள்கிறோம் என்றார். குரலில் வருத்தம் இருந்தது, என் மேலா தன் மேலா என்று தெரியவில்லை. படிவம் கையெழுத்தில்லாமல் என்னிடமே கிடக்கிறது. கிளப்புக்கு இனிப் போகப் போவதில்லை. அதை ஒரு தியாகமாகச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

அந்தச் சனிக்கிழமை நடந்ததில் ஒன்று பாக்கியிருக்கிறது. சுதா லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தாள், அம்மாவிடம் சொல்லிக்கொண்டாள். வாசலில் செருப்பைப் போட்டவள் அங்கேயே நின்றாள்.

"ப்பா, ஒண்ணு கேக்கட்டா? அன்னிக்கு நான் கயித்துல கை வெச்சேன். நீங்க விடுன்னதும் விட்டுட்டேன்." பையின் வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "நான் அழுது அடம்பிடிச்சிருந்தா, நீங்க அவுத்திருப்பீங்களா?"

பதினொரு வருடமாக என்னைக் குற்றவாளியாகப் பார்க்கிறாள் என்றுதான் அதுவரை நினைத்தேன். அவள் தன்னையும் அப்படித்தான் பார்த்திருக்கிறாள். ஆமாம் என்று சொன்னால் அவள் அழாமல் இருந்ததால்தான் அந்த மூன்றும் செத்தன என்றாகும். இல்லை என்று சொன்னால், பெற்ற பிள்ளை அழுதாலும் எனக்கு அந்தக் கிளப்காரர்கள்தான் பெரிது என்று என் வாயாலேயே சொன்னதாகும். அன்றைய என்னை நினைத்துப் பார்த்தேன். அந்த ஜீப்பை, அந்த முன்சீட்டை. யோசிக்க அவ்வளவு நேரம் வேண்டியிருக்கவில்லை.

"இல்லம்மா," என்றேன். "நீ அழுதிருந்தாலும் நான் அவுத்திருக்க மாட்டேன்."

முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். நான் சொல்வது நிஜமா என்று தேடுகிற பார்வை. பார்த்துவிட்டு மெல்லத் தலையை ஆட்டினாள்.

"தேங்க்ஸ்ப்பா," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.